முந்திரி ஓட்டிலிருந்து டீசல் என்ஜின் வரை

(பண்ருட்டியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாவரக் கழிவிலிருந்து எடுக்கும் எரிபொருளைப் பற்றியும், அது டீசல் என்ஜினில் எரியும்போது விடும் புகையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இதைப் பேசுவதற்குப் பண்ருட்டியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இங்கே பருப்பு ஒரு பக்கம் போகிறது, ஓடு இன்னொரு பக்கம் குவிகிறது. அந்த ஓட்டைப் பிழிந்தால் எண்ணெய் வருகிறது. எண்ணெய் என்றதும் எல்லோர் மனத்திலும் ஒரு கேள்வி எழுகிறது: இதை ஊற்றி என்ஜின் ஓட்ட முடியாதா?

முடியும். கழிவிலிருந்து எரிபொருள் எடுக்க முடியுமா? முடியும். அந்த எரிபொருளில் டீசல் என்ஜின் ஓடுமா? ஓடும். இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நான் உங்களோடு சேர்ந்து கேட்க விரும்புவது அடுத்த கேள்வி. ஓடிய பிறகு, சைலன்சர் வழியாக என்ன வெளியே வருகிறது?

நூறாண்டு என்று ஏன் சொன்னேன்? 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. ருடால்ஃப் டீசல் வடிவமைத்த வகை என்ஜின் ஒன்றை அங்கே ஓட்டிக் காட்டினார்கள். அதற்குள் ஊற்றிய எரிபொருள் எது தெரியுமா? நிலக்கடலை எண்ணெய்! நம் கடலூர் மாவட்டத்து மானாவாரிக் கொல்லையில் விளைகிறதே, அதே கடலைதான். பெட்ரோலிய எண்ணெய்க்காகக் கட்டிய என்ஜின், எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயில் ஓடியது. தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையிலேயே அங்குள்ள என்ஜின்களை ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு கணக்குப் போட்டது. பிறகு பூமிக்கடியிலிருந்து மலிவாக எண்ணெய் வந்தது. கடலை எண்ணெய் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

சரி, கண்காட்சியில் ஓடிய என்ஜின் வயலில் ஆண்டுக்கணக்கில் ஓடுமா? அங்கேதான் சிக்கல். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினேழு பதினெட்டு மடங்கு அழுத்தினால், அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிவிடும். அந்தக் காற்றுக்குள் எரிபொருளைப் பனித்துளிபோல் பீய்ச்ச வேண்டும்; தானே பற்றிக்கொள்ளும். தாவர எண்ணெயோ டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியானது. பனித்துளியாகப் பிரியாது, கொழகொழவென்று விழும். பாதி எரியும், பாதி கரியாகும். நாசில் முனையில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், என்ஜின் ஆயில் கெட்டுப்போகும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வெற்றி என்று சொன்னவர்கள், மூன்றாவது மாதம் மெக்கானிக் ஹெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

கெட்டியான எண்ணெயை இளக்குவதற்கு வேதியியல் வழி சொன்னது. 100 கிலோ எண்ணெயோடு ஏறத்தாழ 10 கிலோ மெத்தனால் சேர வேண்டும். ஊக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடா, 60 டிகிரி சூடு. கலக்கி நிறுத்தினால் அடியில் கிளிசரின் தங்கும், மேலே இளகலான எண்ணெய் நிற்கும். அதுதான் பயோடீசல். எளிதாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் மெத்தனால் நச்சு, தீப்பிடிக்கும் திரவம். வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கும் வேலை இல்லை என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோதான் செய்யப்படுகிறது. முழுக்க முழுக்கச் செடியிலிருந்து வந்தது என்று மார்தட்டுவதற்கு முன் இந்தப் பத்துக் கிலோவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது சைலன்சர் பக்கம் வருவோம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பயோடீசல் எரிந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வரத்தான் செய்யும். வித்தியாசம் எங்கே? செடி வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பித் தருகிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த கரியைத் தோண்டி எடுத்து விடவில்லை. இது பெரிய நன்மை. இதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் இது பூமியின் கணக்கு. பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாவின் நுரையீரலுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 2012 ஜூன் மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று திட்டவட்டமாக அறிவித்தது. அந்த அம்மாவின் கணக்கைத்தான் இன்று நான் பார்க்கப் போகிறேன்.

நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களுக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே என்ஜின்தான் நிற்கும். கிர்லோஸ்கர், ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று, 5.2 கிலோவாட். நம் ஊர்ப் பம்பு செட்டின் உடன்பிறப்பு. அதன் புகைக் குழாயில் ஒரு துளை போட்டு, குழல் செருகியிருப்பார்கள். முதலில் டீசலில் ஓட்டி முழு லோடு கொடுப்பார்கள். புகைமானிக்குள் வெள்ளை வடிதாள் ஒன்றை வைத்து, புகையை இழுத்துப் பார்ப்பார்கள். தாளை வெளியே எடுத்தால் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். பிறகு 20 விழுக்காடு பயோடீசல் கலந்து ஓட்டி, புதுத் தாளை வைப்பார்கள். வட்டம் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். மாணவர்கள் முகத்தில் ஒரு மகிழ்ச்சி! நியாயமான மகிழ்ச்சிதான். பயோடீசலின் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. எரிபொருளே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், காற்று போதாத இடத்திலும் கரி எரிந்துபோகிறது.

ஆனால் பக்கத்து மேசையில் இன்னொரு கருவி இருக்கிறது. வாயு பகுப்பாய்வுக் கருவி. அதன் திரையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற எண்ணைப் பாருங்கள். புகை குறைந்த அதே நேரத்தில் அந்த எண் ஏறியிருக்கும்.

இந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது? எரிபொருளிலிருந்தா? இல்லை. நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். சாதாரணமாக அது யாரோடும் சேராது. சிலிண்டருக்குள் சுடர் 1500 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. எரிதல் நன்றாக நடந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். இதோடு இன்னொரு நுட்பமும் சேருகிறது. பழைய இயந்திரப் பம்பு உள்ள என்ஜினில், பயோடீசல் டீசலைப் போல் அமுங்கிக் கொடுக்காததால், அழுத்தம் சீக்கிரம் நாசிலுக்குப் போய்ச் சேருகிறது. பீய்ச்சல் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அதனாலும் உள்ளே சூடு கூடுகிறது.

இது ஒரு கல்லூரி என்ஜினின் கதை மட்டுமா? 2002-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கனரக வண்டி என்ஜின்களில் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. பெரும்பாலும் சோயா பயோடீசல். நூற்றுக்கு நூறு பயோடீசலில் ஓட்டினால் எரியாத ஹைட்ரோகார்பன் 67 விழுக்காடு குறைந்தது. கார்பன் மோனாக்சைடு 48 விழுக்காடு குறைந்தது. துகள் 47 விழுக்காடு குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 10 விழுக்காடு கூடியது. 20 விழுக்காடு கலவையில் துகள் 10 குறைந்தது, நைட்ரஜன் ஆக்சைடு 2 கூடியது.

இரண்டு விழுக்காடுதானே என்று கேட்பீர்கள். அந்த வாயு மூச்சுக் குழாயை எரிக்கும். வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறும். நம் ஊர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. அது மட்டுமல்ல, நாம் அதை அளப்பதே இல்லை! டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் போகிறோமே, அங்கே என்ன செய்கிறார்கள்? ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கண்ணை மறைக்கும் புகைக்கு மட்டும் சான்றிதழ் தருகிறோம்.

அப்படியானால் பயோடீசலைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. இங்கேதான் பொறியாளருக்கு வேலை. பீய்ச்சும் நேரத்தை இரண்டு மூன்று டிகிரி தள்ளி வைத்தால் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும். புகை சற்று ஏறும். டீசலில் இதைச் செய்தால் புகை தாங்காது. பயோடீசலில் புகை ஏற்கெனவே குறைந்திருக்கிறது. அந்த லாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து இந்த நஷ்டத்தைச் சரிக்கட்டலாம். வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர வைத்து உள்ளே திருப்பி விடுவதும் ஒரு வழி. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில், தனி டேங்கில் யூரியாக் கரைசல் ஊற்றுகிறீர்களே, அது எதற்கு? புகைக் குழாயிலேயே நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து மறுபடி வெறும் நைட்ரஜனாக்குவதற்குத்தான்.

லாரித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் புது வண்டிகளில் யாரோ காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் சோடியம், பொட்டாசியம் சாம்பலாகித் துகள் வடிகட்டியை அடைக்கும். தரநிர்ணயப்படி பங்க்கில் விற்கும் டீசலிலேயே 7 விழுக்காடு வரை பயோடீசல் கலக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் வண்டி செய்த நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி நம் முந்திரிக்கு வருகிறேன்.

முந்திரி ஓட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய். செம்பழுப்பு நிறம், கெட்டியான திரவம். ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்கள். சாம்பலைத் தொட்டுக்கொண்டும், ஆமணக்கெண்ணெய் தடவிக்கொண்டும் உடைப்பார்கள்; அப்படியும் தோல் கறுத்து உரிந்திருக்கும். தோலை அரிக்கும் இந்த எண்ணெயை அப்படியே என்ஜினில் ஊற்றினால் பம்பையும் நாசிலையும் அரிக்காதா?

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. இது கடலை எண்ணெய், புங்க எண்ணெய் போன்ற கொழுப்பு எண்ணெய் இல்லை. அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால் என்ற பீனால் வகைப் பொருள்களின் கலவை. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கிளிசரினைப் பிரிக்கலாம் என்று போனால், பிரிப்பதற்கு இதில் கிளிசரினே கிடையாது! கொழுப்பு எண்ணெய்க்குரிய செய்முறையை இதற்கும் அப்படியே எழுதிக்கொண்டு வரும் மாணவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் கேட்கிறேன்: அடியில் தங்கிய கிளிசரினைக் காட்டுங்கள் தம்பி.

சரியான வழி வேறு. எண்ணெயைச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறும். அரிப்பு வெகுவாகக் குறையும். அதையும் வினையூக்கி வைத்து இன்னும் சிதைத்தால் இளகும். 20 விழுக்காடு வரை டீசலில் கலந்து பம்பு செட் வகை என்ஜினை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். கலவையைக் கூட்டிக்கொண்டே போனால் பிரச்சினை தலைதூக்கும். அந்த பீனால் வளையம் சீக்கிரம் பற்றாது, எளிதில் ஆவியாகாது. திறன் இறங்கும்.

என் தீர்ப்பைச் சொல்லட்டுமா? முந்திரி எண்ணெயை எரிக்காதீர்கள், விற்றுவிடுங்கள். பிரேக் லைனிங், பெயின்ட், ரெசின் செய்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். பிரேக்கில் ஆண்டுக்கணக்கில் உழைக்கக்கூடிய பொருளை, கண்ணிமைக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் எரித்துத் தீர்ப்பானேன்? எண்ணெய் பிழிந்த பிறகு சக்கை மிஞ்சுகிறதே, அதுதான் எரிபொருள். பாய்லருக்குப் போகலாம். வாயுவாக்கிக்கும் போகலாம்.

வாயுவாக்கி என்றால் என்ன? போதாத காற்றில் கட்டையையோ கரியையோ எரித்தால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதையே என்ஜினுக்குக் கொடுப்பது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஓர் உருளை அடுப்பைச் சுமந்துகொண்டு பஸ்கள் ஓடினவே, கரி பஸ், நம் தாத்தாக்கள் ஏறிப் போன பஸ்! அதே தத்துவம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இதைச் செம்மைப்படுத்தி, 1988-இல் கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்து ஹொசஹள்ளி கிராமத்தில் நிறுவியது. டீசல் என்ஜினே அங்கும் ஓடியது. பற்றவைக்க மட்டும் கொஞ்சம் டீசல், மீதி விறகு வாயு. ஒரு குக்கிராமத்தில் விளக்கு எரிந்தது, மாவு அரைபட்டது, தண்ணீர் ஏறியது.

இதன் சைலன்சர் என்ன சொல்கிறது? புகை குறைவு. சுடர் அவ்வளவு சூடாகாததால் நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. ஆனால் எரியாமல் நழுவும் கார்பன் மோனாக்சைடு கூடுதல். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே சுவரில்லாத கொட்டகையில் வையுங்கள், எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள். தாரை வடிகட்டாத வாயுவை என்ஜினுக்குள் விடவே விடாதீர்கள், வால்வு ஒட்டிக்கொள்ளும்.

வைக்கோலைப் பற்றிக் கேட்பீர்கள். 2022 ஆகஸ்ட் 10 அன்று ஹரியானாவின் பானிப்பட்டில், ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வயலில் தீ வைப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் எத்தனால் பெட்ரோலின் தோழன்; டீசல் என்ஜினில் தானாகப் பற்ற மறுக்கும் பொருள். தவிர, பஞ்சாபில் தீ வைக்கும் வைக்கோல் நம் ஊரில் மாட்டுக்குத் தீவனம். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியதைக் கழிவு என்று சொல்ல என் மனம் ஒப்பாது.

பயோடீசலுக்கென்று நட்ட காட்டாமணக்கை மறந்துவிட்டீர்களா? 2009-இல் வந்த தேசியக் கொள்கை, 2017-க்குள் 20 விழுக்காடு உயிரி எரிபொருள் என்று இலக்கு வைத்தது. தண்ணீரே வேண்டாம், தரிசில் தங்கம் விளையும் என்றார்கள். செடி தரிசில் உயிர் பிழைத்தது, உண்மை. விதை கொடுக்கத் தண்ணீர் கேட்டது. நம்பி நட்ட விவசாயி செடியைப் பிடுங்கிப் போட்டார். 2018-இல் வந்த புதுக் கொள்கையில் பயோடீசல் இலக்கு 2030-க்குள் 5 விழுக்காடு என்று இறங்கியது. இப்போது பேசுபவர்கள் பெரிய எண்களைச் சொல்வதற்கு முன், அந்த விவசாயியின் முகத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நகரங்களுக்கு நான் பரிந்துரைப்பது பலகாரக் கடை எண்ணெய். போண்டாவும் பஜ்ஜியும் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய். அதில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்டம். அந்த எண்ணெய் மலிவு விலையில் இன்னொரு கடைக்குப் போனால் நம் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகிறது. சாக்கடைக்குப் போனால் குழாயை அடைக்கிறது. பயோடீசலாகப் போனால்தான் பயனாகிறது. இதற்குப் புது நிலம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மாட்டுத் தீவனத்தில் கை வைக்க வேண்டாம். மிஞ்சிய எண்ணெயை வாரம் ஒரு முறை சேகரித்துப் போக வண்டி வந்தால் போதும்.

நிறைவாக உங்களிடம் சில வேண்டுகோள்கள். மாணவர்களே, உங்கள் ஆய்வறிக்கையில் புகை குறைந்தது என்று எழுதும் அதே பக்கத்தில், ஒவ்வொரு லோடிலும் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்ற எண்ணையும் அச்சிடுங்கள். அது ஏறியிருந்தாலும் மறைக்காதீர்கள். அதிகாரிகளே, டீசல் வண்டியின் புகைச் சான்றிதழில் அந்த எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். முந்திரி ஆலை உரிமையாளர்களே, உங்கள் ஓட்டு எண்ணெயில் என்ஜின் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள், மகிழ்ச்சி. அதற்கு முன்பாக, இன்றும் எங்கெல்லாம் டிரம்மில் போட்டுக் கொட்டை வறுக்கிறார்களோ, அந்தக் கொட்டகையில் எழும் புகையை அளக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதைக் குடிப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அளக்கும் கருவி கல்லூரியில் இருக்கிறது. கொட்டகைக் கதவை இந்தப் பருவத்திலேயே எங்களுக்குத் திறந்து விடுங்கள். ஆவியில் வேகவைக்கும் முறைக்கு மாறாதவர்கள் மாறுங்கள்.